பீமாப் டிராக்கர் ரிவ்யூ: நட்டத்துல ஓடுற மொபைல் கேம்பெயின்ல காசு எங்க ஒழுகுதுனு இதுல தெரியுமா?

அஃபிலியேட் மார்க்கெட்டிங்ல, அதாவது அடுத்தவங்க ஆப்பையோ பொருளையோ விளம்பரம் பண்ணி கமிஷன் வாங்குற வேலையில, புதுசா இறங்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ஆஃபர் (கமிஷன் தர்ற ஆப் இல்ல பொருள்) இப்ப நல்லா ஓடுது, எந்த நாட்டுல டிராஃபிக் சீப்பா கிடைக்குதுன்னு தான். டிராக்கர், அதாவது விளம்பரத்துல இருந்து வர்ற ஆளுங்க எந்தப் படி வரைக்கும் போறாங்கன்னு எண்ணுற சாஃப்ட்வேர், எதை யூஸ் பண்றதுன்னு யாரும் கேக்குறதே இல்ல, ஆனா என்னைக் கேட்டா ஆட் நெட்வொர்க்குல (டிராஃபிக் விக்கிற இடம்) முதல் டாலரைப் போடுறதுக்கு முன்னாடியே டிராக்கர் ரெடியா இருக்கணும், இல்லன்னா நட்டம் வர்றது தெரியும், ஏன் வருதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அதனால தான் இந்த ரிவ்யூ. பீமாப்னு ஒரு கிளவுட் டிராக்கர், அதோட ஃப்ரீ பிளானை வச்சு என் சித்தி பையனோட கேம்பெயினை ரெண்டு பேரும் உக்காந்து பிரிச்சுப் பாத்தோம், அதுல என்ன தெரிஞ்சுது, இதால எது முடியும் எது முடியாதுன்னு எழுதுறேன்.

முதல்ல கேம்பெயின் என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது. ஆண்ட்ராய்டு ஆப் இன்ஸ்டால் ஆஃபர், நாடு இந்தோனேஷியா, டிராஃபிக் பாப் டிராஃபிக், அதாவது யாரோ ஒரு சைட்டுல எதையோ தொட்டா பின்னாடி புது டேப்ல நம்ம பேஜ் திறக்கும். அந்தப் பேஜ் தான் லேண்டர், அதுல ஒரு பட்டன், அமுக்கினா ப்ளே ஸ்டோருக்குப் போகும், ஆப்பை இன்ஸ்டால் பண்ணி ஒரு தடவை திறந்தா நமக்கு 50 சென்ட். தம்பி திருப்பூர்ல வேலைக்குப் போய்க்கிட்டே சேத்து வச்ச காசு இது, போட்டதுல முக்கால்வாசிக்கு மேல போயிடுச்சு, "அண்ணா ஆஃபரே சரியில்லண்ணா, வேற ஆஃபர் மாத்திடலாமா"ன்னு கேட்டான். இந்த இடத்துல தான் நெறைய பேர் தப்பான பக்கம் திரும்புறாங்க, ஆஃபரை மாத்துவாங்க, அப்புறம் நாட்டை மாத்துவாங்க, அப்புறம் நெட்வொர்க்கை மாத்துவாங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் புதுசா காசு போகும், ஓட்டை மட்டும் அதே இடத்துல இருக்கும். நான் சொன்னது, எதையும் மாத்தாத, அதே ஆஃபர் அதே லேண்டர், தினசரி பட்ஜெட்டை மட்டும் கம்மி பண்ணிட்டு டிராக்கரை நடுவுல வச்சு ஓட்டுன்னு.

கணக்கை முதல்ல போட்டோம். இது டிராக்கர் இல்லாமலே போடக்கூடிய கணக்கு, ஆனா போடுறவங்க ரொம்ப கம்மி. ஆயிரம் விசிட்டுக்கு ஒரு டாலர் பிட்டு, அதாவது டிராஃபிக்குக்கு நாம குடுக்குற விலை. இன்ஸ்டாலுக்கு 50 சென்ட். அப்போ போட்ட காசு திரும்பி வரணும்னாலே ஆயிரம் விசிட்டுக்கு 2 இன்ஸ்டால் வேணும், அதாவது 0.2 சதவீதம். லேண்டர்ல 100 பேர்ல 10 பேர் பட்டனை அமுக்குறாங்கன்னு வைங்க, ஆயிரம் விசிட்டுக்கு 100 கிளிக், அந்த 100 பேர்ல 2 பேர் இன்ஸ்டால் பண்ணணும். இதே லேண்டர்ல 15 பேர் அமுக்கி, இன்ஸ்டால் விகிதம் அப்படியே இருந்தா ஆயிரத்துக்கு 3 இன்ஸ்டால், ஒரு டாலர் போட்டு ஒன்றரை டாலர், 50 சதவீதம் லாபம். இந்த சின்ன சின்ன நம்பர்ல தான் மொத்த பிசினஸும் நிக்குது. பீமாப்ல விசிட், கிளிக், கன்வெர்ஷன் (இங்க இன்ஸ்டால்), சிடிஆர் (கிளிக் சதவீதம்), சிஆர் (கன்வெர்ஷன் சதவீதம்), இபிசி (ஒரு கிளிக்குக்கு வர்ற வருமானம்), காஸ்ட், ரெவின்யூ, ஆர்ஓஐ (போட்ட காசுக்கு லாப சதவீதம்) எல்லாம் ஒரே வரிசையில வந்து நிக்கும், எந்தப் படியில ஆள் குறையுதுன்னு கண்ணுல படும். ஆட் நெட்வொர்க் பேனல்ல செலவு மட்டும் தெரியும், ஆஃபரையும் கமிஷனையும் தர்ற அஃபிலியேட் நெட்வொர்க் பேனல்ல வரவு மட்டும் தெரியும், நடுவுல நடக்குறது ரெண்டுலயும் தெரியாது. தம்பி அதுவரைக்கும் இந்த ரெண்டு பேனலை மட்டும் மாத்தி மாத்தி பாத்துக்கிட்டு இருந்தான்.

செட்டப் எப்படின்னா, அஃபிலியேட் நெட்வொர்க்கை ஆட் பண்ணணும், ஆஃபர் லிங்க்கைப் போடணும், லேண்டர் லிங்க்கைப் போடணும், டிராஃபிக் சோர்ஸை செலக்ட் பண்ணணும், இதெல்லாம் சேத்து கேம்பெயின் உருவாக்கினா ஒரு லிங்க் தரும், அதைக் கொண்டுபோய் ஆட் நெட்வொர்க்குல போடணும். பிரபலமான டிராஃபிக் சோர்ஸ்க்கு எல்லாம் டெம்ப்ளேட் இருக்கு, அதனால டோக்கன், அதாவது லிங்க்குல ஆட் நெட்வொர்க் நிஜ விவரத்தை நிரப்பி அனுப்புறதுக்கான குறி, எல்லாம் கையால டைப் பண்ண வேண்டியது இல்ல. புதுசா வர்றவங்களுக்கு இது பெரிய உபகாரம். இன்டர்ஃபேஸ் முழுக்க இங்கிலீஷ் தான், ஆனா வார்த்தைங்க எல்லாம் இந்த வேலையில தினம் பேசுற வார்த்தைங்க, ரெண்டு நாள்ல பழகிடும்.

லேண்டர்ல இருக்குற பட்டனுக்கு ஆஃபர் லிங்க்கை நேரா போடக்கூடாது, டிராக்கர் குடுக்குற கிளிக் யூஆர்எல்லைப் போடணும். நேரா ஆஃபர் லிங்க் போட்டா கிளிக் கணக்கே வராது, கிளிக் ஐடியும் (ஒவ்வொரு விசிட்டருக்கும் டிராக்கர் குடுக்குற அடையாளம்) போகாது. இதை கவனிக்கலன்னா ரிப்போர்ட்ல விசிட் இருக்கும், கிளிக் சைபரா நிக்கும், லேண்டர் மோசம்னு நினைச்சு நல்ல லேண்டரைத் தூக்கி எறிஞ்சிடுவீங்க.

சரி, ஓட்டினதுல என்ன தெரிஞ்சுது. முதல் ரிப்போர்ட்டை சோன் (விளம்பரம் வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் ஆட் நெட்வொர்க் குடுக்குற நம்பர்) வாரியா பிரிச்சுப் பாத்தா மொத்த டிராஃபிக்கும் ஒரே சோன்ல இருந்து வந்த மாதிரி காட்டுது. உள்ள பாத்தா சோன் நம்பர் வர வேண்டிய இடத்துல நம்பரே இல்ல, கர்லி பிராக்கெட் போட்டு சோன்ஐடின்னு டோக்கனே அப்படியே எழுத்தா உக்காந்து இருக்கு. அதாவது ஆட் நெட்வொர்க் அந்த டோக்கனை நிஜ நம்பரா மாத்தி அனுப்பல, ஏன்னா தம்பி லிங்க்கை காப்பி பண்றப்ப வேற நெட்வொர்க்கோட டெம்ப்ளேட்டை செலக்ட் பண்ணி இருந்தான். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் டோக்கன் எழுதுற முறை வேற, ஒண்ணுல கர்லி பிராக்கெட் மட்டும், ஒண்ணுல முன்னாடி டாலர் குறி, ஒண்ணுல ஸ்கொயர் பிராக்கெட். ஒரு எழுத்து மாறினாலும் வேலை செய்யாது, எர்ரரும் காட்டாது, கேம்பெயின் பாட்டுக்கு ஓடும், காசு பாட்டுக்குப் போகும். சோன் தெரியாம பாப் டிராஃபிக் ஓட்டுறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா இதுல எல்லா வேலையும் நல்ல சோனையும் கெட்ட சோனையும் பிரிக்கிறது தான். டெம்ப்ளேட்டை மாத்தி லிங்க்கைத் திரும்பப் போட்டதும் சோன் சோனா பிரிஞ்சு வந்துடுச்சு.

ரெண்டாவது, போஸ்ட்பேக், அதாவது இன்ஸ்டால் ஆச்சுன்னு அஃபிலியேட் நெட்வொர்க் டிராக்கருக்கு அனுப்புற தகவல். அஃபிலியேட் பேனல்ல இன்ஸ்டால் காட்டுது, டிராக்கர்ல கன்வெர்ஷன் சைபர். இது நெறைய பேருக்கு முதல் தடவை நடக்குறது தான், பயப்பட வேண்டாம். விஷயம் இவ்வளவு தான்: விசிட்டர் வந்ததும் டிராக்கர் அவருக்கு ஒரு கிளிக் ஐடி குடுக்கும், அது ஆஃபர் லிங்க்குல சப் ஐடிங்கிற இடத்துல சேர்ந்து அஃபிலியேட் நெட்வொர்க்குக்குப் போகணும், இன்ஸ்டால் ஆனதும் அவங்க சர்வர் அதே ஐடியை நம்ம டிராக்கர் சர்வருக்குத் திருப்பி அனுப்பணும். போற வழியில சப் ஐடி பேர் தப்பா இருந்தாலும் அறுந்துடும், வர்ற வழியில போஸ்ட்பேக் லிங்க்குல டோக்கன் தப்பா இருந்தாலும் அறுந்துடும். ஆயிரம் பேர் போய்ட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து பாக்க வேண்டியது இல்ல, நீங்களே போன்ல கேம்பெயின் லிங்க்கைத் திறந்து, பட்டனை அமுக்கி, கடைசியா போற அட்ரஸ்ல நீளமா ஒரு ஐடி ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதை காப்பி பண்ணி போஸ்ட்பேக் லிங்க்குல அந்த இடத்துல ஒட்டி பிரவுசர்ல அடிங்க, டிராக்கர்ல ஒரு கன்வெர்ஷன் விழணும். விழுந்தா நம்ம பக்கம் சரி, தப்பு அஃபிலியேட் பக்கத்து செட்டிங்ல, அங்க நம்ம கணக்கைப் பாத்துக்குற மேனேஜருக்கு மெசேஜ் போட்டு கேளுங்க. எங்களுக்கு சப் ஐடி பேர்ல தான் பிரச்சனை. அஃபிலியேட் நெட்வொர்க் எதுன்னு சொல்ல வேண்டியது இல்ல, அவங்க ஹெல்ப் பேஜ்ல ஒரு பேர் இருந்துச்சு, நிஜத்துல வேலை செஞ்சது வேற பேர், மேனேஜர் கிட்ட கேட்டப்ப தான் தெரிஞ்சுது.

கன்வெர்ஷன் வர ஆரம்பிச்ச பிறகு தான் உண்மையான வேலை. ஆட் நெட்வொர்க் சொல்ற எண்ணிக்கையும் டிராக்கர் சொல்ற விசிட்டும் கொஞ்சம் வித்தியாசப்படும், அது சகஜம், ஆளுங்க பேஜ் திறக்கிறதுக்குள்ள மூடிடுவாங்க. என் அனுபவத்துல பத்துல ஒரு பங்கு வரைக்கும் குறைஞ்சா விட்டுடலாம், கால்வாசி குறைஞ்சா தேடணும். எங்களுக்கு விசிட் ஓரளவுக்கு சரியா இருந்துச்சு, ஆனா கிளிக் ரொம்ப கம்மி, ஆயிரத்துக்கு 30 கூட வரல. லேண்டரை போன்ல மொபைல் டேட்டாவுல திறந்து பாத்தா மேல ஒரு பெரிய படம், அது இறங்கி முடிக்கிறதுக்குள்ள எனக்கே பொறுமை போயிடுச்சு. ஹோஸ்டிங் அமெரிக்காவுல, பாக்குறவங்க இந்தோனேஷியாவுல, நடுவுல சிடிஎன், அதாவது பேஜோட காப்பியைப் பாக்குறவங்களுக்குப் பக்கத்துல வச்சுக் குடுக்குற சர்வர் வசதி, கிடையாது. பாப் டிராஃபிக்ல வர்ற ஆள் நம்மளைத் தேடி வரல, அவர் வேற எதுக்கோ வந்தவர், ரெண்டு செகண்ட்ல பேஜ் தெரியலன்னா டேப்பை மூடிடுவார், அதுல அவரைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. படத்தை சுருக்கி, தேவையில்லாத ஸ்கிரிப்ட் எல்லாம் எடுத்துட்டு, சிங்கப்பூர் பக்கம் எட்ஜ் சர்வர் இருக்குற சிடிஎன்ல போட்டோம், கிளிக் கணிசமா ஏறிடுச்சு. ஒரு விஷயம் சொல்லணும், பேஜ் எவ்வளவு மெதுவா திறக்குதுன்னு டிராக்கர் சொல்லாது. விசிட்டுக்கும் கிளிக்குக்கும் நடுவுல ஆள் காணாம போறாங்கன்னு மட்டும் தான் சொல்லும், ஏன்னு நாம தான் போனை எடுத்துப் பாக்கணும். அதுவும் வைஃபைல பாக்காதீங்க, மொபைல் டேட்டாவுல, முடிஞ்சா பழைய விலை கம்மியான போன்ல பாருங்க.

அடுத்து பிரவுசர் வாரியா பிரிச்சப்ப எனக்கே சுவாரஸ்யமா இருந்துச்சு. பீமாப் ரிப்போர்ட்ல ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு அடுக்கு வரைக்கும் பிரிச்சுப் பாக்கலாம், முதல்ல ஓஎஸ் வெர்ஷன், அதுக்குள்ள பிரவுசர், அதுக்குள்ள கனெக்ஷன் டைப்னு. குரோம்ல கிளிக் வருது, சாம்சங் பிரவுசர்ல வருது, ஓபரா மினில விசிட் இருக்கு, கிளிக் ஏறக்குறைய இல்லவே இல்ல. காரணம் லேண்டர்ல ஒரு கவுண்ட்டவுன் டைமர் இருந்துச்சு, டைமர் முடிஞ்சா தான் பட்டன் வரும். ஓபரா மினி டேட்டா மிச்சம் பண்ற மோடுல பேஜை அவங்க சர்வர்ல வச்சே தயார் பண்ணி சுருக்கி அனுப்பும், ஜாவாஸ்கிரிப்ட் போன்ல முழுசா ஓடாது, அதனால டைமர் ஓடல, பட்டனும் வரல. அந்த விசிட்டருக்கு வெறும் எழுத்தும் படமும் தான் தெரிஞ்சிருக்கும். அதோட இன்னொரு சிக்கல், டிராஃபிக் அவங்க சர்வர் வழியா வர்றதால ஐபியைப் பாத்து எந்த கேரியர், அதாவது எந்த சிம் கம்பெனின்னு சரியா சொல்ல முடியாது. ரெண்டு வழி இருக்கு, பட்டனை டைமர் இல்லாம முதல்லயே காட்டலாம், இல்ல அந்த பிரவுசரை ஆட் நெட்வொர்க்லயே டார்கெட்டிங்ல இருந்து எடுத்துடலாம். நாங்க டைமரையே தூக்கிட்டோம், அது யாருக்கும் நல்லது பண்ற ஐட்டம் இல்ல.

ஓஎஸ் வெர்ஷன்லயும் ஒரு ஓட்டை. ஆஃபர் விவரத்துல குறைஞ்சபட்சம் எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷன் வேணும்னு தெளிவா போட்டிருக்கு, ஆனா கேம்பெயின் எல்லா வெர்ஷனுக்கும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பழைய போன்காரர் பட்டனை அமுக்குவார், ப்ளே ஸ்டோர் போவார், உங்க போனுக்கு இந்த ஆப் ஒத்து வராதுன்னு சொல்லிடும். கிளிக் கணக்குல ஏறும், காசு வராது. ஆஃபர் பேஜை ஒருவாட்டி பொறுமையா படிச்சாலே இது மிச்சம். கேரியர் பில்லிங் ஆஃபர் (காசை சிம் கம்பெனி வழியா எடுக்குறது) ஓட்டுறவங்களுக்கு இதே மாதிரி ஒரு பெரிய ஓட்டை வைஃபை, அந்த மாதிரி ஒரு கிளிக் ஆஃபர் எல்லாம் குறிப்பிட்ட கேரியரோட மொபைல் டேட்டாவுல வந்தா தான் வேலை செய்யும், வைஃபைல வர்ற ஒவ்வொரு விசிட்டும் நேரா நட்டம். இந்தோனேஷியாவுல இன்னொரு தலைவலி, 2022 ஜனவரில இந்தோசாட்டும் ஹட்ச்சிசனோட த்ரீயும் ஒண்ணா சேர்ந்துடுச்சு, 2025 ஏப்ரல்ல எக்ஸ்எல் ஆக்சியாட்டாவும் ஸ்மார்ட்ஃப்ரெனும் சேர்ந்துடுச்சு. கம்பெனி ஒண்ணானாலும் சிம் பிராண்டு தனித்தனியா இருக்கு, அதனால ஆஃபர் சொல்ற பேரும் ஆட் நெட்வொர்க் லிஸ்ட்ல இருக்குற பேரும் டிராக்கர் காட்டுற பேரும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. மேனேஜர் கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. பீமாப்ல ஃப்ளோன்னு ஒரு வசதி இருக்கு, ரூல் போட்டு வைஃபைல வர்றவங்களை ஒரு ஆஃபருக்கும் மொபைல் டேட்டாவுல வர்றவங்களை இன்னொரு ஆஃபருக்கும் அனுப்பலாம், இது ஃப்ரீயா கிடைக்கிறது நிஜமாவே நல்ல விஷயம்.

இப்ப சோன் வெட்டுற, அதாவது கெட்ட சோன்ல டிராஃபிக் வாங்குறதை நிறுத்துற கதைக்கு வர்றேன், இதுல தான் நான் தம்பியோட ரொம்ப நேரம் பேசினேன். சோன் ரிப்போர்ட் வந்ததும் அவன் கை பரபரன்னு ஆயிடுச்சு, "இதுல 300 விசிட் வந்தும் ஒரு இன்ஸ்டால் கூட இல்லண்ணா, பிளாக்லிஸ்ட் பண்ணிடலாம்"னு. இருடா, கணக்கைப் பாருன்னேன். நமக்கு 500 விசிட்டுக்கு ஒரு இன்ஸ்டால் வந்தா சமம். அப்போ ஒரு சோன் நிஜமாவே சமமா ஓடக்கூடிய சோனா இருந்தாலும் முதல் 500 விசிட்ல ஒண்ணு கூட வராம போறதுக்கு 37 சதவீதம் வாய்ப்பு இருக்கு. ஆயிரம் விசிட் வரைக்கும் வராம போக 13, 14 சதவீதம். 1500 விசிட் போயும் சைபர்னா அதுக்கு வாய்ப்பு வெறும் 5 சதவீதம், அப்ப தைரியமா வெட்டலாம். காசுக் கணக்குல சொன்னா, ஒரு இன்ஸ்டாலுக்கு எவ்வளவு வருமோ அதே அளவு மட்டும் செலவு பண்ணிட்டு வெட்டினா மூணுல ஒரு நல்ல சோனையும் சேத்து வெட்டிடுவோம், ரெண்டு மூணு மடங்கு செலவு பண்ணி பாத்துட்டு வெட்டினா தப்பு ரொம்ப குறையும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 100 விசிட்ல ஒரு இன்ஸ்டால் வந்த சோன் 400 சதவீதம் லாபம்னு பச்சையா மின்னும், அதைப் பாத்து பிட்டை ஏத்தாதீங்க, அது ஒரே ஒரு ஆள்.

இன்னொண்ணு, கிளிக் பண்ண உடனே இன்ஸ்டால் விழாது. ஆப்ஸ்ஃப்ளையர் மாதிரி அளவு எடுக்குற சிஸ்டம் எல்லாம் ஆப்பை முதல் தடவை திறக்கும்போது தான் இன்ஸ்டால்னு எண்ணும். ராத்திரி டவுன்லோட் பண்ணிட்டு காலையில திறக்குறவங்க இருக்காங்க. அதனால ஒரு மணி நேரத்துக்கு ஒருவாட்டி ரிப்போர்ட்டை ரிஃப்ரெஷ் பண்ணி முடிவு எடுக்காதீங்க.

டைம் சோன் பத்தி ஒரு வார்த்தை, இது சின்ன விஷயமா தெரியும், ஆனா கணக்கையே குழப்பும். நம்ம டிராக்கர் இந்திய நேரத்துல இருக்கு, ஆட் நெட்வொர்க் யுடிசில (உலகப் பொது நேரம்) இருக்கு, அஃபிலியேட் பேனல் அமெரிக்க கிழக்குக் கரை நேரத்துல இருக்குன்னு வைங்க. யுடிசில நாள் மாறுறப்ப நமக்கு காலையில அஞ்சரை, ஜகார்த்தாவுல ஏழு மணி. அமெரிக்க கிழக்குல குளிர்காலத்துல நாள் மாறுறப்ப நமக்கு பத்தரை, ஜகார்த்தாவுல உச்சி வெயில். மூணு பேனல்லயும் "நேத்து"ன்னு போட்டு பாத்தா மூணு வேற வேற நாள் தான் வரும். மூணையும் முடிஞ்ச வரைக்கும் ஒரே நேரத்துக்கு மாத்துங்க, மாத்த முடியலன்னா ஒரு வாரத்துக் கணக்கா எடுத்து ஒப்பிடுங்க. எங்க பட்ஜெட் நாள் மாறின உடனே முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலயே தீந்துக்கிட்டு இருந்ததும் மணி வாரி ரிப்போர்ட்ல தான் தெரிஞ்சுது. ஆட் நெட்வொர்க்ல பட்ஜெட்டை நாள் பூரா பரப்புற ஆப்ஷன் இருந்துச்சு, அதை ஆன் பண்ணோம், அப்புறம் தான் சாயங்காலமும் ராத்திரியும் எப்படி ஓடுதுன்னே எங்களுக்குத் தெரிஞ்சுது.

டிராக்கரால சொல்ல முடியாத விஷயமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஆஃபருக்கு டெய்லி கேப் (ஒரு நாளைக்கு இத்தனை இன்ஸ்டால் தான்ங்கிற வரம்பு) எவ்வளவு, அது எப்ப நிரம்புது, நிரம்பின பிறகு வர்ற இன்ஸ்டாலுக்கு காசு உண்டா இல்லையான்னு டிராக்கருக்குத் தெரியாது. திடீர்னு ஒரு நேரத்துக்கு மேல எல்லா சோன்லயும் கன்வெர்ஷன் நின்னுடுச்சுன்னா சோன் மேல பழி போடாதீங்க, முதல்ல மேனேஜர் கிட்ட கேப் கேளுங்க. அதே மாதிரி கார்டுல டாலர் கட்டுறப்ப பேங்க் எடுக்குற ஃபாரெக்ஸ் சார்ஜ், காசு வெளிய எடுக்குறப்ப போற கமிஷன், இது எதுவும் ஆர்ஓஐ கணக்குல வராது. டிராக்கர்ல 3 சதவீதம் லாபம்னா நிஜத்துல அது நட்டமாவே இருக்கலாம். பேமெண்ட் ஒரு மாசம் கழிச்சு தான் வரும்னா அதுவரைக்கும் டிராஃபிக் வாங்க கையில காசு வேணும், இதையும் முன்னாடியே யோசிங்க. வாடகைக் காசு, வீட்டுக்கு அனுப்புற காசுல இதை ஆரம்பிக்கவே கூடாதுன்னு தம்பி கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன், உங்களுக்கும் அதே தான் சொல்வேன்.

லேண்டர் பத்தியும் ஒண்ணு மனசுல பட்டதை சொல்லிடறேன். கிளிக் ஏத்தணும்னு "உங்க போன்ல வைரஸ் இருக்கு"ன்னு பயமுறுத்துற பேஜ் போடச் சொல்லி நெறைய பேர் சொல்லித் தருவாங்க. கிளிக் ஏறும், உண்மை. ஆனா பயந்து வந்த ஆள் ஆப்பைத் திறந்து பாத்துட்டு அழிச்சிடுவார், விளம்பரதாரர் குவாலிட்டி சரியில்லன்னு இன்ஸ்டாலை ரிஜெக்ட் பண்ணுவார், கூகுள் சேஃப் பிரவுசிங்ல டொமைன் மாட்டினா சிவப்பு ஸ்கிரீன் வந்து ஒரே ராத்திரில கிளிக் சைபர் ஆகும். அதை விட முக்கியம், அந்தப் பக்கம் இருக்குறது நம்ம அம்மா அப்பா மாதிரி விவரம் தெரியாத ஒரு மனுஷன். பொய் சொல்லி அவர் கையால ஒரு பட்டனை அமுக்க வைக்கிற வேலை நமக்கு வேண்டாம். ஆப் என்ன பண்ணும்னு ரெண்டு வரில நேர்மையா சொல்ற லேண்டர் வச்சு தான் நாங்க ஓட்டுனோம், கிளிக் கொஞ்சம் கம்மி, ஆனா கிளிக் பண்ணவங்க இன்ஸ்டால் பண்ணாங்க. டொமைன் பத்தி சொன்னதால இதையும் சேத்துக்கோங்க, எந்த டிராக்கரா இருந்தாலும் அவங்க குடுக்குற பொது டொமைன்ல ஓட்டாம சொந்தமா ஒரு டொமைன் வாங்கி இணைச்சுடுங்க, வேற யாரோ பண்ற தப்புக்கு நம்ம லிங்க் மாட்டக்கூடாது.

மத்த டிராக்கரோட ஒப்பிட்டா? கீட்டாரோவும் பைனாமும் சொந்த சர்வர்ல போட்டு ஓட்டுறது, டிராஃபிக் அதிகமா வாங்குறவங்களுக்கு நல்லது, ஆனா சர்வர் பாத்துக்கத் தெரியணும், முதல் கேம்பெயின்லயே அந்த பாரம் வேண்டாம். வாலூம், ரெட்டிராக் எல்லாம் கிளவுட் தான், ஆனா மாசா மாசம் கட்டணும், 100 டாலர் டெஸ்ட் பட்ஜெட் வச்சிருக்கிறவர் அதுல ஒரு பெரிய பங்கை டிராக்கருக்குக் கொடுத்துட்டா டிராஃபிக் வாங்க என்ன மிச்சம் இருக்கும். அந்த வகையில ஆரம்பிக்கிறவங்களுக்கு என் ஓட்டு பீமாப்புக்கு தான்.

ஃப்ரீ பிளானோட அளவு நாங்க யூஸ் பண்ணப்ப மாசம் ஒரு லட்சம் ஈவென்ட். கேக்க பெருசா இருக்கும், ஆனா விசிட், கிளிக், கன்வெர்ஷன் எல்லாமே ஈவென்ட்டா எண்ணும். நம்ம கணக்குப்படி ஆயிரம் விசிட்டுக்கு 100 கிளிக்னா 1,100 ஈவென்ட், அப்போ ஒரு லட்சம் ஈவென்ட்டுக்கு சுமார் 90,000 விசிட், ஒரு டாலர் ரேட்ல சுமார் 90 டாலர் டிராஃபிக். பாப் ஓட்டுறவங்களுக்கு ஒரு ஆஃபர் டெஸ்ட் பண்ண சரியா இருக்கும், ரெண்டு ஆஃபர் ஒரே மாசத்துல டெஸ்ட் பண்ணா பத்தாது. புஷ் டிராஃபிக்ல (நோட்டிஃபிகேஷனா வர்ற விளம்பரம்) கிளிக்குக்கு தான் காசு, விசிட் எண்ணிக்கை கம்மியா இருக்கும், அவங்களுக்கு இந்த ஒரு லட்சம் ரொம்ப நாள் தாங்கும்.

கேம்பெயின் இப்ப எந்த நிலைமைன்னு கேப்பீங்க. பெரிய லாபம்னு எல்லாம் சொல்ல மாட்டேன். நட்டம் முக்கால்வாசில இருந்து குறைஞ்சு குறைஞ்சு இப்ப போட்ட காசு திரும்பி வர்ற இடத்துக்குப் பக்கத்துல நிக்குது, சில நாள் மேல, சில நாள் கீழ. அதே ஆஃபர், அதே நாடு, அதே நெட்வொர்க் தான், நெறைய பேர் அவசரப்பட்டு மாத்துற இந்த மூணும் மாறவே இல்ல. இப்ப அடுத்த வேலையா நல்லா ஓடுற சோனை மட்டும் எடுத்து தனியா ஒரு வொயிட்லிஸ்ட் கேம்பெயின் போட்டிருக்கோம், பிட்டை கொஞ்சம் ஏத்தி. டிராஃபிக் அளவு நல்லா குறைஞ்சிடுச்சு, அதனால ஈவென்ட் லிமிட்டும் இந்த மாசம் தொடாது, பெய்ட் பிளானுக்குப் போக வேண்டிய தேவையே வரல. வொயிட்லிஸ்ட்ல நிலையா லாபம் வந்து, ரெண்டாவது ஆஃபர் டெஸ்ட் பண்ணணும்னு வர்றப்ப தான் பெய்ட் பிளான் போடலாம்னு தம்பி கிட்ட சொல்லி வச்சிருக்கேன், அதுவும் கேம்பெயின்ல வந்த காசுல இருந்து.